வெயிலில் ஓடினால் கொழுப்பு உருகுமா?

இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம் வந்துவிட்டால் நம் கல்லூரி மைதானத்தில் ஒரு தனி வைத்தியமும் கூடவே வந்துவிடும். "நல்லா வேர்த்தா மெலியலாம்" என்பது அதன் முதல் பாடம். "மத்தியானத்துல ஓடு, அப்பதான் கொழுப்பு உருகும்" என்பது இரண்டாவது. "ஓடி முடியும் வரைக்கும் தண்ணி குடிக்காதே, குடிச்சா வேர்த்ததெல்லாம் வீண்" என்பது மூன்றாவது. இந்த வைத்தியத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. மேல் வகுப்பு ராத்தாமார் கீழ் வகுப்புத் தங்கைமாருக்குச் சொல்ல, அது வாய்வழியாகவே வளர்ந்து வருகிறது. வெயிலில் மழை அங்கி அணிந்து ஓடுகிறவர்களையும், வயிற்றைச் சுற்றிப் பொலித்தீன் கட்டிக்கொள்கிறவர்களையும் நான் கண்டிருக்கிறேன்.

சகோதரிகளே, கேள்வி நியாயமானதுதான். சூடும் ஈரமும் நிறைந்த காற்றில் உடற்பயிற்சி செய்தால் கூடுதல் கலோரி எரியுமா? விடையை முன்னதாகவே சொல்லிவிடுகிறேன். அதே தூரத்தை அதே வேகத்தில் ஓடினால் வெயிலில் சற்றுக் கூடுதலாக எரியலாம். ஆனால் வெயிலில் அதே வேகத்தில் ஓட நம்மால் முடியாது. எனவே மொத்தக் கணக்கில் பெரும்பாலும் குறைவாகவே எரிகிறது. இதற்கான காரணங்கள் நமது உயிரியல், பௌதிகவியல் பாடங்களிலேயே இருக்கின்றன. அவற்றை ஒன்றுசேர்த்துப் பார்ப்பதுதான் இக்கட்டுரையின் வேலை.

முதலில் கலோரி. உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்பது உண்மையில் ஒரு கிலோகலோரி. அதாவது ஏறத்தாழ 4.2 கிலோயூல். ஓட்டத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் ஏறத்தாழ 1 கலோரி. 50 கிலோகிராம் நிறையுள்ள ஒருத்தி 4 கிலோமீற்றர் ஓடினால் ஏறத்தாழ 200 கலோரி செலவாகும். சமைத்த வெள்ளைச் சோற்றில் 150 கிராம் அளவில் இருக்கும் சக்தி அது. உடற்கொழுப்பாகக் கணக்கிட்டால், ஒரு கிலோகிராம் கொழுப்பில் ஏறத்தாழ 7700 கலோரி இருப்பதால், வெறும் 26 கிராம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 14 கிராம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் இது எவ்வளவு சிறிய அளவு என்பது புரியும்.

இப்போது என் வகுப்புத் தோழி ஒருத்தியின் வாதத்தைச் சொல்ல வேண்டும். இந்த வாதம் இல்லையென்றால் நான் இந்தக் கட்டுரையை எழுதவே வந்திருக்க மாட்டேன். அவள் கெட்டிக்காரி. பௌதிகவியலில் மறைவெப்பம் படித்த வாரத்தில் ஒருநாள் நண்பகலில், மேலே ஒரு தடித்த சட்டையையும் போட்டுக்கொண்டு, 40 நிமிடத்தில் 4 கிலோமீற்றர் ஓடினாள். உலர்ந்த உடைக்கு மாறி நிறுத்துப் பார்த்தபோது 600 கிராம் குறைந்திருந்தது. உடனே கொப்பியைத் திறந்து கணக்கும் போட்டாள். ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 2.4 கிலோயூல் வேண்டும். 600 கிராமுக்கு 1440 கிலோயூல், அதாவது ஏறத்தாழ 345 கலோரி. "இங்க பாருடி, ஓடினதுக்கு 200, வேர்த்ததுக்கு 345. மொத்தம் 545! காலையில ஓடுற நீங்களெல்லாம் சும்மா நேரத்தை வீணாக்குறீங்க" என்றாள்.

பெருக்கலில் பிழை இல்லை. பிழை கூட்டலில் இருக்கிறது.

தசை ஒன்றும் அவ்வளவு திறமையான இயந்திரம் அல்ல. கலச்சுவாசத்தில் விடுவிக்கப்படும் சக்தியில் கால்வாசி அளவுதான் அசைவாக மாறுகிறது. மீதி நான்கில் மூன்று பங்கு வெப்பமாகிவிடுகிறது. அப்படியானால் தோழி எரித்த 200 கலோரியில், அதாவது 840 கிலோயூலில், ஏறத்தாழ 630 கிலோயூல் அவளுடைய உடலைச் சூடாக்கத்தான் போனது. அந்த வெப்பம் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிட்டால் என்ன நடக்கும்? உடலின் தன்வெப்பக் கொள்ளளவு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 3.5 கிலோயூல். 50 கிலோகிராம் உடலின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த 175 கிலோயூல் போதும். ஆகவே 630 கிலோயூல் அவளுடைய வெப்பநிலையை 3.6 பாகை உயர்த்தி, 37இலிருந்து 40.6 பாகை செல்சியஸுக்குக் கொண்டுபோயிருக்கும். 40 பாகையைத் தாண்டுவது உயிராபத்து. அப்படி நடக்காமல் காப்பதற்காகத்தான் பரிவகக்கீழ் தோலின் குருதிக்கலன்களை விரியச் செய்து, வியர்வைச் சுரப்பிகளுக்கும் கட்டளை அனுப்புகிறது.

அந்த வியர்வை ஆவியாகும்போது எடுத்துச் செல்வது, முன்னரே எரிந்து முடிந்த உணவின் வெப்பத்தை. புதிதாக எதையும் எரித்து அது ஆவியாவதில்லை. விறகு அடுப்பில் சோறு வேகும்போது புகைக்கூட்டின் வழியாகச் சூடு வெளியே போகிறது. அடுப்பில் எரிந்த விறகை ஒரு தடவையும் புகைக்கூட்டில் போன சூட்டை இன்னொரு தடவையும் எண்ணி, இரண்டு கட்டு விறகு எரிந்ததென்று எந்த உம்மாவும் கணக்குச் சொல்ல மாட்டார். தோழி செய்தது அதைத்தான்.

அவளிடமிருந்து இன்னொரு கேள்வி வந்தது. 630 கிலோயூலை வெளியேற்ற ஏறத்தாழ 260 கிராம் வியர்வை போதுமே, பின்னர் ஏன் 600 கிராம் போனது? நல்ல கேள்வி. ஒரு பங்கு ஆவியாகாமல் சொட்டிவிட்டது, அல்லது சட்டையில் ஊறிவிட்டது. சொட்டிய வியர்வை உடலைக் குளிர்விப்பதே இல்லை. இன்னொரு பங்கு வெயிலுக்காகப் போனது. நண்பகல் சூரியனும் சூடேறிய மைதானமும் கதிர்வீசலால் உடலுக்குள் செலுத்திய வெப்பத்தையும் அதே வியர்வைதான் சுமந்து வெளியேற்ற வேண்டும். அந்த வெப்பம் அவள் சாப்பிட்ட சோற்றிலிருந்து வந்ததல்ல, சூரியனிலிருந்து வந்தது. அதை அவள் எரித்த கலோரியில் சேர்க்க முடியாது. வெயிலில் சும்மா ஒரு வாங்கில் உட்கார்ந்திருந்தாலும் வியர்க்கும். அதற்காக நாம் மெலிந்துவிடுவதில்லை.

அந்த 600 கிராம் மறுநாள் காலை திரும்பி வந்துவிட்டது. வராமல் இருந்திருந்தால்தான் கவலைப்பட வேண்டும். தராசு நிறையைச் சொல்லும். போனது நீரா கொழுப்பா என்று சொல்லாது. இத்தாலியரான சன்டோரியோ என்ற மருத்துவர் பல்லாண்டுகளாகத் தராசில் தொங்கவிட்ட நாற்காலியில் அமர்ந்து, தான் உண்டதையும் குடித்ததையும் கழித்ததையும் நிறுத்துப் பார்த்து, கண்ணுக்குத் தெரியாமலேயே உடலிலிருந்து பெருமளவு நிறை வெளியேறுகிறது என்று 1614இல் ஒரு நூலை வெளியிட்டார். நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் அந்த நாற்காலியை விட்டு இறங்கவில்லை போலும்.

அடுத்தது ஈரப்பதன். நம் மாத்தளை மாவட்டத்தைப் போல் இதைப் படிக்க வசதியான இடம் இலங்கையில் அதிகம் இல்லை. ஒரு பக்கம் நக்கிள்ஸ் மலையின் பனிமூட்டத்தில் ரிவஸ்டன். மறுபக்கம் உலர்வலயத்துத் தம்புள்ளையும் சீகிரியாவும். நடுவில் மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில் நமது நகரம். மழை பெய்து ஓய்ந்த நாளில் இங்கே கொடியில் போட்ட சீருடை மாலை வரை காயாது. தம்புள்ளையில் கச்சான் காலத்தில் அதே சீருடை ஒரு மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். கொடியில் சீருடைக்கு நேர்வதுதான் தோலில் வியர்வைக்கும் நேர்கிறது.

முன்னொரு காலத்தில் லண்டனில் சார்ள்ஸ் பிளாக்டன் என்ற மருத்துவர் தம் நண்பர்களுடன், 127 பாகை செல்சியஸ் வரை சூடாக்கப்பட்ட ஓர் உலர்ந்த அறைக்குள் நுழைந்தார். அவர்களோடு அறையில் இருந்த முட்டை கெட்டியாக வெந்தது, இறைச்சித் துண்டும் வெந்தது. மனிதர்கள் நலமாக வெளியே வந்தார்கள். காற்று உலர்ந்திருந்ததால் வியர்வை உடனுக்குடன் ஆவியாகி அவர்களைக் காப்பாற்றியது. 1905இல் ஹோல்டேன் என்ற உடற்றொழிலியல் அறிஞர் இதன் மறுபக்கத்தைக் காட்டினார். இங்கிலாந்தின் கோர்ன்வோல் பகுதியிலுள்ள சூடான சுரங்கங்களை ஆராய்ந்த அவர், ஆபத்தைத் தீர்மானிப்பது சாதாரண வெப்பமானி காட்டும் அளவல்ல, ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவே என்றார். அசையாத காற்றில் ஈரக்குமிழ் வெப்பநிலை 31 பாகை செல்சியஸைத் தாண்டியதும் உடல் வெப்பநிலை ஏறத் தொடங்கியது. 127 பாகையில் பிழைத்த மனிதன் 31 பாகையில் தடுமாறுகிறான் என்றால் அதற்குக் காரணம் ஈரம்தான்.

வளிமண்டலவியல் திணைக்களம் வெளியிடும் வெப்பச் சுட்டெண்ணின் அடிப்படையும் இதுவே. 32 பாகை வெப்பநிலையில் சாரீரப்பதன் 40 சதவீதமாக இருந்தால் உடலுக்கு அது ஏறத்தாழ 33 பாகை போலத் தோன்றும். அதே 32 பாகையில் சாரீரப்பதன் 70 சதவீதமானால் 41 பாகை போலத் தோன்றும். இதுவும் நிழலுக்கான கணக்கு. வெயிலுக்குள் இறங்கினால் இன்னும் கூடும்.

இங்கே ஒரு குழப்பம் வரும். "விடியற்காலையில சாரீரப்பதன் 95 சதவீதம் இருக்கே, அப்ப காலையில ஓடுறதுதானே கூடாது?" என்று வகுப்பில் ஒருத்தி கேட்டாள். சாரீரப்பதனை மட்டும் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். பார்க்க வேண்டியது ஆவியமுக்கத்தை. 35 பாகையில் இருக்கும் ஈரமான தோலின் ஆவியமுக்கம் ஏறத்தாழ 5.6 கிலோபஸ்கால். 22 பாகையில் 95 சதவீத ஈரப்பதனுள்ள காலைக் காற்றில் அது ஏறத்தாழ 2.5. 32 பாகையில் 70 சதவீத ஈரப்பதனுள்ள மதியக் காற்றில் ஏறத்தாழ 3.3. தோலுக்கும் காற்றுக்கும் உள்ள இடைவெளி காலையில் 3.1, மதியத்தில் 2.3. இடைவெளி பெரிதானால்தான் வியர்வை விரைவாக ஆவியாகும். அதற்கு மேல், 22 பாகைக் காற்று மேற்காவுகையாலும் உடலைக் குளிர்விக்கும். காலையே வெல்கிறது.

பொலித்தீன் சுற்றுவது என்றால் என்ன என்பது இப்போது தெளிவாகும். தோலையொட்டிய காற்றை நாமே நிரம்பிய ஆவியாக்கி, அந்த இடைவெளியை ஏறக்குறைய பூச்சியமாக்கிக்கொள்வதுதான் அது. வியர்வை கொட்டும், ஆனால் குளிர்ச்சி கிடைக்காது. உடல் மேலும் வியர்த்துப் பார்க்கும். தராசில் இலக்கம் குறையும்.

சரி, கொஞ்சமாவது கூடுதலாக எரியாதா? எரியும். உடல் வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் ஓய்வுநிலை அனுசேப வீதம் ஏறத்தாழ 10 முதல் 13 சதவீதம் கூடுகிறது. காய்ச்சலில் மெலிவதற்கு இதுவும் ஒரு காரணம். இதயம் வேகமாக அடிக்கவும் வியர்வைச் சுரப்பிகள் தொழிற்படவும் சிறிது சக்தி வேண்டும். ஆனால் இதெல்லாம் ஓட்டத்தின் செலவோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு. இந்தச் சில்லறைக்காக உடல் இழப்பதோ பெரிது. குருதி ஒரே நேரத்தில் தசைக்கும் போக வேண்டும், குளிர்விப்பதற்காகத் தோலுக்கும் போக வேண்டும். நீர் குறையக் குறையக் குருதியின் கனவளவும் குறைகிறது. எனவே அதே வேகத்தில் ஓடினாலும் நாடித்துடிப்பு ஏறிக்கொண்டே போகிறது. நாங்கள் நால்வர் காலை 6.45க்கும் பிற்பகல் 1.30க்கும் வலைப்பந்துத் திடலை ஒரே வேகத்தில் சுற்றி வந்து நாடி பிடித்துப் பார்த்தோம். நால்வருக்கும் பிற்பகலில்தான் அதிகம். கைக்கடிகாரங்கள் ஏமாறுவதும் இந்த இடத்தில்தான். நாடித்துடிப்பை வைத்துக் கலோரியைக் கணிக்கும் கடிகாரம், துடிப்பு ஏறியது வெப்பத்தாலா வேலையாலா என்று பிரித்தறியாமல் பெரிய இலக்கத்தைக் காட்டிவிடுகிறது. வெளிநாட்டிலிருந்து நானா அனுப்பிய கடிகாரம் சொன்னாலும் அது கணிப்புத்தான்.

வெயிலில் வேகம் எவ்வளவு குறையும் என்பதற்குப் பெண்களின் ஓட்டத்திலேயே பெரிய சான்று இருக்கிறது. 2019 செப்டெம்பர் 27ஆம் திகதி, கட்டாரின் டோஹாவில் உலக மெய்வல்லுநர் போட்டியின் பெண்கள் மரதன் நடைபெற்றது. வெப்பத்துக்கு அஞ்சி, நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் இருக்கையில் ஓட்டத்தைத் தொடங்கினார்கள். அந்த நேரத்திலும் வெப்பநிலை 32 பாகைக்கு மேல், சாரீரப்பதன் 70 சதவீதத்துக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 40 பேரே முடித்தார்கள். வென்ற கென்யாவின் ரூத் செப்ங்கெடிச் எடுத்த நேரம் 2 மணி 32 நிமிடம் 43 செக்கன். அதே ஆண்டு ஜனவரியில், டுபாயின் குளிர்காலத்தில் அதே தூரத்தை அவர் 2 மணி 17 நிமிடம் 8 செக்கனில் ஓடியிருந்தார். உலகின் மிகச் சிறந்த வீராங்கனையையே 15 நிமிடத்துக்கு மேல் பின்தள்ளிய காற்று அது. நம்மைப் போன்றவர்கள் வேகத்தைக் குறைப்பதோடு தூரத்தையும் குறைத்துக்கொள்வோம், பாதியில் உட்கார்ந்துவிடுவோம். ஓடாத கிலோமீற்றருக்குக் கலோரி எரியாது.

கொழுப்பு உருகும் கதைக்கும் ஒரு வார்த்தை. உடல் மிகச் சூடாகும்போது தசை கொழுப்பைவிடக் கிளைக்கோசனையே கூடுதலாக எரிக்கிறது. அதாவது வெயிலில் ஓடுகிறவள், தான் கரைக்க விரும்பும் பொருளைத்தான் குறைவாகத் தொடுகிறாள். உண்மையிலேயே அனுசேபத்தைப் பல மடங்கு கூட்டுவது குளிரில் நடுங்குவதுதான், ஏனெனில் நடுக்கம் தசை சுருங்குவதால் வருவது. யாருக்காவது அவ்வளவு அவசரம் என்றால் ரிவஸ்டனுக்குப் போய் மழையில் நனைந்துகொண்டு நிற்கலாம். நான் வர மாட்டேன்.

இது வெறும் கலோரிக் கணக்காக மட்டும் இருந்தால் நகைச்சுவையாகவே முடித்திருப்பேன். 2024 பெப்ரவரியில் கடும் வெப்பம் காரணமாக, மாணவரை வெளிக்கள நடவடிக்கைகளில் ஈடுபடுத்துவது பற்றிக் கல்வி அமைச்சு பாடசாலைகளுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. அடுத்த மாதமே, அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் பங்குபற்றிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அதற்குக் காரணம் வெயில்தான் என்று சொல்ல நான் வரவில்லை. நம் வயதுப் பிள்ளை ஓர் ஓட்டத்தோடு போய்விட்டான் என்பது மட்டுமே என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. வேண்டுமென்றே தண்ணீர் குடிக்காமல் ஓடும் தங்கைமாரை அதன் பிறகு என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

நமக்கென்று சில விசேட நிலைமைகளும் உண்டு. நாம் முழு உடலையும் மூடி ஓடுகிறோம். அதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. துணியைத் தெரிவுசெய்தால் போதும். உடலோடு ஒட்டாத, காற்றுப் புகும், மெல்லிய, வெளிர்நிற உடையும் ஒற்றை மடிப்பு ஸ்கார்ஃபும் போதுமானவை. கறுப்புத் தடித்த துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி ஊசி குத்தினால் கழுத்தைச் சுற்றியுள்ள காற்று பொலித்தீனுக்குள் இருப்பது போலவே ஆகிவிடும். அண்மைய ஆண்டுகளில் ரமழான், போட்டிக் காலத்தோடும் மார்ச் மாதத்து வெப்பத்தோடும் சேர்ந்து வந்திருக்கிறது. நோன்போடு அஸருக்குப் பின் தராசில் ஏறி மகிழ்பவர்கள், நோன்பு திறந்து கஞ்சியும் நீரும் குடித்தபின் ஒருதரம் ஏறிப் பார்க்கட்டும். நோன்பு நாளில் பயிற்சி வேண்டுமென்றால் மஃரிபுக்குச் சற்று முன்னர் மெதுவான நடை போதும், அதை முடித்த கையோடு நீர் அருந்தலாம்.

உடல் வெப்பத்துக்குப் பழகும், ஆனால் அதற்கு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வேண்டும். அதற்குள் குருதித் திரவவிழையம் பெருகும், வியர்வை முன்னதாகவே சுரக்கத் தொடங்கும், அதில் உப்பும் குறையும். ஆகவே முதலாவது நாளே 4 கிலோமீற்றர் வேண்டாம். மரதன் பயிற்சியைக் காலை 6.30க்கு மாற்றும்படியும், மைதானத்து மரநிழலில் நீர்ப் பீப்பா ஒன்று வைக்கும்படியும் இல்லத் தலைவிகளாகிய நாங்கள் கேட்டிருக்கிறோம். நீண்ட நேரம் வியர்த்தவர்களுக்கு உப்பும் சீனியும் கலந்த தேசிக்காய்த் தண்ணீர் நல்லது.

ஓடிக்கொண்டிருக்கும் ஒருத்தி தள்ளாடினால், பேச்சுக் குழறினால், கேட்ட கேள்விக்குத் தொடர்பில்லாமல் பதில் சொன்னால் அது களைப்பு அல்ல. உடனே நிழலுக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். நான்கு பேர் சால்வைகளை விரித்து மறைப்பாக நின்றுகொள்ள, ஸ்கார்ஃபையும் மேலுடையையும் தளர்த்தி, தலையிலும் கழுத்திலும் உடலெங்கும் நீர் ஊற்றி விசிற வேண்டும். மயங்கியவளின் வாயில் நீர் ஊற்றக் கூடாது. ஒருத்தி 1990க்கு அழைத்து அம்பியூலன்ஸை வரவழைக்கட்டும். அது வாசலுக்கு வரும் வரை மற்றவர்கள் விசிறுவதை நிறுத்தக் கூடாது.